அடுத்த பேட்ச்

வீட்டில் எல்லோருக்கும் அவள் சின்னவள். அக்கா பெரியவள் என்பதால் வந்த பெயர். சீருடை போட்டு, தோளில் பட்டை ஏறிய பிறகும் அது மாறவில்லை. அப்பா லிஃப்ட் மெக்கானிக். அடுக்குமாடிக் கட்டடங்களில் லிஃப்ட் பாதியில் நின்று, உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் கதவைத் தட்டும்போது அவரைத்தான் கூப்பிடுவார்கள். அம்மா ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் படுக்கை விரிப்புகளை மடித்து வார்டு வார்டாக அனுப்புகிறவள். இந்த வீட்டிலிருந்து ஒருத்தி போர் விமானம் ஓட்டப் போகிறாள் என்று சொல்லியிருந்தால் அக்கம்பக்கத்தில் ஒருவரும் நம்பியிருக்க மாட்டார்கள். கல்லூரி நடைபாதையில் அந்தச் சுவரொட்டியைப் பார்க்கும்வரை அவளுக்கே அப்படியொரு எண்ணம் கிடையாது.

சுவரொட்டியில் ஒரு விமானி ஹெல்மெட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றான். இன்னும் சில ஆண்டுகளில் விமானப்படைக்கு இப்போது இருப்பதைப்போல இரண்டு மடங்கு விமானிகள் தேவைப்படுவார்கள் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. இரண்டு மடங்கு என்றால் நமக்கும் ஓர் இடம் இருக்காதா என்று நினைத்துத்தான் அவள் விண்ணப்பம் போட்டாள்.

தேர்வுக்கு வந்த கூட்டம் மைதானத்தைச் சுற்றி வரிசை கட்டி நின்றது. எழுத்துத் தேர்வில் பாதிப் பேர் போனார்கள், மருத்துவச் சோதனையில் மிச்சத்தில் பாதி. கடைசியாக ஒரு கூண்டுக்குள் உட்கார வைத்தார்கள். திரையில் ஓடும் புள்ளியை வலது கைப் பிடியால் கட்டத்துக்குள் நிறுத்த வேண்டும். கால்களால் இன்னொரு கோட்டை நேராக வைத்திருக்க வேண்டும். அதே நேரம் காதில் ஒரு குரல் எண்களைச் சொல்லிக்கொண்டே இருக்கும். இரட்டை எண் வந்தால் இடது கையால் பொத்தானை அழுத்த வேண்டும். வாட்டசாட்டமான ஆட்கள் எல்லாம் வியர்த்து வழிந்து வெளியே வந்தார்கள். ஒரே அறையில் ரேடியோ கேட்டுக்கொண்டு, வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டு, அக்காவோடு சண்டையும் போட்டு வளர்ந்த சின்னவளுக்கு அது பெரிய விஷயமாக இல்லை. அந்த வருடம் அந்தக் கூண்டில் அவளைவிட அதிக மதிப்பெண் வாங்கியவர் யாருமில்லை.

செய்தி வந்த அன்று அப்பா கையில் கிரீஸோடு வாசலில் நின்று சிரித்தார்.

"இத்தனை வருஷமா நான் ஆளுங்களப் பத்தாவது மாடிக்கு ஏத்தி இறக்கிட்டேன் கண்ணு. அதுக்கு மேல இனிமே நீ பாத்துக்கோ."

முதல் கட்டப் பயிற்சி சின்ன விமானத்தில், முன்னால் விசிறி சுற்றுகிற வகை. சின்னவளுக்குக் கிடைத்த பயிற்சியாளர் அதிகம் பேசாதவர். நன்றாகச் செய்தால் ஒன்றும் சொல்ல மாட்டார், தப்பாகச் செய்தால் தொண்டையைச் செருமுவார். ஒரு காலை, மூன்று முறை இறக்கி ஏற்றியபின், விமானத்தை ஓரமாக நிறுத்தச் சொன்னார். பெல்ட்டைக் கழற்றிக்கொண்டு இறங்கினார்.

"ஒரு சுத்து நீயா போயிட்டு வா" என்று சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் புல்தரையில் நடந்தார்.

பக்கத்து இருக்கையின் கனம் இல்லாததால் விமானம் அவள் நினைத்ததைவிடச் சீக்கிரம் தரையை விட்டது. மேலே போனதும் அவள் சத்தமாகப் பேச ஆரம்பித்துவிட்டாள். உயரம் சரி, வேகம் சரி, இப்போ திரும்பு, அவசரப்படாதே என்று தனக்குத்தானே. இறங்கியபின் தொலைபேசியில் அம்மாவிடம் சொன்னாள்.

"அம்மா, இன்னிக்கு நான் மட்டும் போனேன்."

"தனியாவா? கூட யாரும் வரலியா? அந்த சார் எங்க போனாரு?"

"கீழ நின்னுக்கிட்டு இருந்தாரும்மா."

"நல்லா இருக்கே! பொம்பளப் புள்ளைய மேல அனுப்பிட்டு இவரு கீழ நின்னாராமா?" என்று அம்மா கோபப்பட்டாள். பிறகு சலவைப் பிரிவு முழுக்க அதையே பெருமையாகச் சொல்லித் திரிந்தாள்.

அடுத்த கட்டம் ஜெட். அங்கேதான் எல்லாம் நின்றுபோனது. ஜெட் பயிற்சி விமானங்களில் பாதிக்கு மேல் கொட்டகைக்குள் வயிற்றைத் திறந்து போட்டபடி கிடந்தன. இன்ஜினில் ஏதோ ஒரு பாகம் எதிர்பார்த்ததைவிட வேகமாகத் தேய்கிறதாம். மாற்றுப் பாகம் வெளிநாட்டிலிருந்து வர வேண்டுமாம். பறக்கிற சொற்ப விமானங்களுக்கு முந்தைய பேட்ச் ஆட்களே முட்டி மோதிக்கொண்டிருந்தார்கள்.

"அடுத்த பேட்ச்ல உங்கள எடுத்துக்குவோம். கொஞ்சம் பொறுத்துக்கோங்க" என்றார் பயிற்சிப் பிரிவு அதிகாரி.

"கொஞ்சம்னா எவ்வளவு நாள் சார்?"

"மழை முடியட்டும்."

மழை முடிந்தது, வெயில் வந்தது, மறுபடியும் மழை வந்தது. அதிகாரியும் மாறினார். புதிதாக வந்தவரும் அடுத்த பேட்ச் என்றார்.

காத்திருக்கிறவர்களைச் சும்மா உட்கார வைத்துச் சம்பளம் கொடுக்க முடியாது என்பதால் ஆளுக்கொரு வேலை கொடுத்தார்கள். சின்னவளை ஸ்டோர்ஸில் போட்டார்கள். ஹெல்மெட், கையுறை, பூட்ஸ், பறக்கும் உடுப்பு எல்லாவற்றையும் அளவு பார்த்துக் கொடுத்து, திரும்பி வந்தால் துடைத்து அடுக்க வேண்டும். ஹெலிகாப்டர் பிரிவுக்குப் போனவர்களின் வரிசை மட்டும் நகர்ந்துகொண்டிருந்தது. அவளுக்குப் பிறகு சேர்ந்த பையன்கள் ஜன்னலில் வந்து நின்று, "மேடம், இது கன்னத்துல இடிக்குது, ஒரு சைஸ் பெருசு குடுங்க" என்று கேட்டு, வாங்கிப் போட்டுக்கொண்டு பறக்கப் போனார்கள்.

அதே ஸ்டோர்ஸில் அவளோடு போடப்பட்டவன் நெட்டை. இன்னும் ஒரு விரல் வளர்ந்திருந்தால் காக்பிட்டுக்குள் உட்கார முடியாது என்று மருத்துவர் அவனிடம் சொல்லியிருந்தாராம். அதிலிருந்து, யாராவது மறுபடி அளக்க வந்துவிடுவார்களோ என்று பயந்தவன்போல, கொஞ்சம் கூனியே நடப்பான். வாயாடி. அவன் இல்லையென்றால் அந்த வருடங்களை அவள் எப்படிக் கழித்திருப்பாளோ தெரியாது.

இருவரும் சேர்ந்து ஸ்டோர்ஸின் பின்பக்கச் சுவரில் ஜெட் காக்பிட்டின் படத்தை ஒட்டினார்கள். எதிரே ஒரு நாற்காலி. பூட்ஸ் பெட்டிகள் இரண்டு கால்மிதிகள், துடைப்பக் கட்டை கண்ட்ரோல் ஸ்டிக். ஒருவர் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு, இன்ஜினைக் கிளப்புவதிலிருந்து இறங்குவதுவரை ஒவ்வொரு படியையும் வாயால் சொல்லிக் கையால் செய்ய வேண்டும். மற்றவர் தப்புப் பிடிக்க வேண்டும். உண்மையான விமானிகளும் செய்கிற பழக்கம்தான் அது. ஒரு நாள் ஸ்டோர்ஸ் மேற்பார்வையாளர் எட்டிப் பார்த்தார்.

"எந்த ஊருக்கு வந்து சேந்தீங்க?"

"இன்னும் கிளம்பவே இல்ல சார்" என்றான் நெட்டை.

மூவரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

வீட்டுப் பக்கம் அவ்வளவு சிரிப்பு இல்லை. தலைக்கு மேல் ஏதாவது சத்தம் கேட்டால் சலவைப் பிரிவில் யாராவது, "உங்க சின்னவதான் போறா போல, கை காட்டுங்க" என்பார்கள். முதலில் அம்மா நிஜமாகவே நிமிர்ந்து பார்ப்பாள். பிறகு, "அவ இன்னும் பெரிய பிளேனுக்குப் போகலீங்க" என்று விளக்கம் சொன்னாள். அதற்கும் பிறகு சத்தம் கேட்டாலே விரிப்புகளைத் தூக்கிக்கொண்டு உள்ளே போக ஆரம்பித்தாள்.

அப்பா விழுந்தது அந்தச் சமயத்தில்தான். லிஃப்ட் குழிக்குள் இறங்கும்போது ஏணி வழுக்கி, இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. அறுவை சிகிச்சை செய்தார்கள், ஆனாலும் அவர் பழையபடி நடக்கவில்லை. அம்மாவுக்கு ஷிஃப்ட் வேலை, அக்காவுக்குக் கைக்குழந்தை. சின்னவள் தனக்குக் கிடைத்த விடுப்பு ஒவ்வொன்றையும் வீட்டுக்கே கொண்டுவந்தாள். அப்பாவைத் தூக்கி உட்கார வைப்பாள், குளியலறைக்குக் கூட்டிப்போவாள், கால் மடக்கி நீட்டும் பயிற்சி கொடுப்பாள்.

"எப்ப பறக்கப் போற கண்ணு?"

"அடுத்த பேட்ச்லப்பா."

அப்பா மடக்கிய காலை மெல்ல நீட்டினார்.

"லிஃப்ட் நின்னுடுச்சுன்னா உள்ள இருக்கிறவங்க என்ன கேப்பாங்க தெரியுமா? எப்ப சரியாகும்னு கேக்க மாட்டாங்க. வெளிய யாராவது இருக்கீங்களான்னுதான் கேப்பாங்க."

"இருக்காங்கப்பா. அதிகாரிங்க நெறைய பேரு இருக்காங்க."

"அப்ப சரி" என்றார். அதற்குமேல் அவர் கேட்டதில்லை.

காத்திருந்தவர்களில் பலர் சலித்துப்போய் வேறு வேலைக்குப் போனார்கள். ஒருவன் மாமனார் கடையில் உட்கார்ந்தான். ஒருத்தி பள்ளியில் கணக்கு டீச்சரானாள். மிச்சமிருந்தது ஒரு மேசையைச் சுற்றி உட்காரக்கூடிய ஆட்கள்தான். அப்படி இருக்கும்போது ஒரு நாள் பயிற்சிப் பிரிவிலிருந்து எல்லோரையும் கூப்பிட்டார்கள். ஜெட் பயிற்சியில் இருந்த ஒருவனுக்குக் காதுக்குள் கோளாறு, அவனை எடுத்துவிட்டார்கள். அவன் இடம் காலி.

"ஒரே ஒரு இடம்தான். நீங்க எல்லாரும் பறந்து ரொம்ப நாளாச்சு. அதனால மொதல்ல சிமுலேட்டர். அதுல நல்லா பண்றவங்களுக்குச் சின்ன விமானத்துல ஒரு சோதனை" என்றார் அதிகாரி.

சிமுலேட்டரில் மற்றவர்கள் தேறவில்லை. தேறியவர்கள் சின்னவளும் நெட்டையும்.

அன்று மாலை இருவரும் வழக்கம்போல ஒரே மேசையில் சாப்பிட உட்கார்ந்தார்கள். தண்ணீர் வேண்டுமா, ரொட்டி வேண்டுமா என்று ஒருவரையொருவர் விருந்தாளிபோல உபசரித்துக்கொண்டார்கள். கடைசியில் நெட்டைதான் பேச்சை எடுத்தான்.

"யாருக்குக் கெடைச்சாலும் இன்னொருத்தர் கோவிச்சுக்கக் கூடாது. சரியா?"

"நான் கோவிச்சுக்குவேன்" என்றாள். "ஆனா பேசாம இருக்க மாட்டேன்."

சோதனைக்கு வந்தவர் அவளைத் தனியாக மேலே அனுப்பிய அதே பயிற்சியாளர். அவளைப் பார்த்ததும் தலையசைத்தார். காற்று கொஞ்சம் பக்கவாட்டில் அடித்தது, மற்றபடி நல்ல வானிலை. கிளப்பும் முன் சொல்ல வேண்டியதையெல்லாம் அவள் மூச்சு விடாமல், ஒன்றுகூட விடாமல் சொன்னாள். இத்தனை நாள் நாற்காலியில் சொன்னதுதானே. ஆனால் மேலே போனதும் அவளுக்கே தெரிந்துவிட்டது, வாய்க்கு நினைவிருந்தது கைக்கு இல்லை. திருப்பத்தில் விமானம் இறங்குவதைக் கண் பார்த்தது, கை அதற்குப் பின்னால் வந்தது. வந்த கை அளவுக்கு மீறி இழுத்தது. துடைப்பக் கட்டை எப்படிப் பிடித்தாலும் பேசாமல் இருக்கும். இது ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னது. பயிற்சியாளர் ஒரு முறை செருமினார். கொஞ்சம் கழித்து இன்னொரு முறை.

இறங்கும்போது பக்கக் காற்று மூக்கை ஒருபுறம் தள்ளியது. அவள் திருத்துவதற்குள் சக்கரம் தரையில் அடித்து விமானம் எகிறியது. மறுபடி அடித்தது, மறுபடி எகிறியது.

"என்கிட்ட குடு" என்றார் அவர்.

அவள் கையை எடுத்தாள். அவர் தூக்கி, ஒரு சுற்று சுற்றி, பூப்போல இறக்கினார்.

இன்ஜின் நின்ற பிறகும் இருவரும் உள்ளேயே உட்கார்ந்திருந்தார்கள். பிறகு அவர் சொன்ன அளவுக்கு அவர் பேசி அவள் அதற்கு முன் கேட்டதில்லை.

"உனக்கு எல்லாம் தெரியுதும்மா. எங்கயும் ஒண்ணையும் மறக்கல. கைதான் பின்னாடியே வருது. இன்னும் ஏழெட்டுத் தடவ மேல போனா சரியாயிடும்."

"அந்த ஏழெட்டுத் தடவையக் குடுங்க சார்."

"விமானம் இருந்தா குடுக்க மாட்டேனா?"

அவர் குரல் உடைந்ததைக் கேட்டபோதுதான் அவளுக்கு விஷயம் முடிந்துவிட்டது என்று உறைத்தது.

இடம் நெட்டைக்குப் போனது. அவன் இறக்கியதைக் கொட்டகை வாசலில் நின்று அவளும் பார்த்தாள். ஒரு குறை சொல்ல முடியாது. நேற்று வரை பறந்துகொண்டிருந்தவன்போல இறக்கினான். அன்று பிற்பகல் அவன் ஸ்டோர்ஸுக்கு வந்து, ஜன்னலுக்கு வெளியே வரிசையில் நிற்பவனைப்போல நின்றான்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். எங்க தாய்மாமா ஒருத்தர் வயலுக்கு மருந்தடிக்கிற சின்ன பிளேன் ஓட்டறாரு. லீவுக்கெல்லாம் நான் அவருகிட்டதான் போனேன். பக்கத்துல உக்காத்தி வெச்சு ஓட்டக் குடுப்பாரு."

"அது தப்பில்லயே" என்றாள் அவள்.

"தப்பில்ல. உன்கிட்ட சொல்லியிருக்கலாம். நீயும் வந்திருக்கலாம்."

"எங்க வந்திருப்பேன்? எனக்கு லீவுல வீட்டுல வேலை இருந்துச்சு."

உண்மைதான். அவன் சொல்லியிருந்தாலும் அவள் போயிருக்க முடியாது. அப்பாவை யார் தூக்குவது? அதனால் அவனைத் திட்டவும் வழியில்லாமல் போனது. அதுதான் அவளை அதிகம் வாட்டியது. அவனுடைய ஹெல்மெட்டையும் கையுறையையும் அவளே எடுத்து வைத்தாள். பெல்ட் வாரைப் பெரிய அளவாகப் பார்த்துத் தேடிக் கொடுத்தாள். அவன் போனபின் சுவரில் இருந்த படத்தைப் பிய்த்தாள். பசை நன்றாகப் பிடித்திருந்ததால் பாதிதான் வந்தது.

அடுத்த வருடம் தலைமையகத்திலிருந்து ஒரு பெரிய அதிகாரி வந்தார். அரங்கத்தில் திரை போட்டு, வரைபடங்களைக் காட்டினார். ஆளில்லா விமானங்கள் வந்துகொண்டிருக்கின்றன. பழைய போர் விமானங்கள் ஓய்வு பெறுகின்றன, அவற்றுக்குப் பதிலாக வருபவை எண்ணிக்கையில் குறைவு. ஆகவே வருங்காலத்தில் தேவைப்படும் விமானிகளின் கணக்கு திருத்தப்பட்டிருக்கிறது. காத்திருப்போர் குழு இத்துடன் கலைக்கப்படுகிறது. விரும்பியவர்கள் தரைப் பணிக்கு மாறிக்கொள்ளலாம், விரும்பாதவர்கள் விலகிக்கொள்ளலாம்.

சின்னவள் எழுந்தாள்.

"சார், நாங்க சேரும்போது ரெண்டு மடங்கு பேரு வேணும்னு சொன்னாங்க."

"அது அன்னிக்கு இருந்த கணிப்பும்மா. நெலவரம் மாறும், கணிப்பும் மாறும்."

"எங்க வயசும் மாறிடுச்சு சார்."

அரங்கத்தில் யாரோ சிரித்தார்கள். பெரிய அதிகாரியும் சிரித்தார். அவள் நகைச்சுவைக்காகச் சொல்லவில்லை. ஜெட் பயிற்சிக்கான வயது வரம்பை அவள் அந்த மாதம்தான் தாண்டியிருந்தாள். வருத்தமாகத்தான் இருக்கிறது, உங்கள் பொறுமையைப் படை மறக்காது என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த வரைபடத்துக்குப் போனார்.

பயணிகள் விமான நிறுவனங்களுக்கு அவள் எழுதிப் பார்த்தாள். பறந்த நேரம் போதாது என்று ஒன்று பதில் போட்டது. மற்றவை அதுகூடப் போடவில்லை. ஆளில்லா விமானத்தைத் திரையில் பார்த்து இயக்கும் பிரிவுக்கும் மனுச் செய்தாள். அங்கேயும் இடம் சில, ஆட்கள் பலர். இளையவர்களாகப் பார்த்து எடுத்துக்கொண்டார்கள். கடைசியில் கிடைத்தது வேறொரு விமானத் தளத்தில் பறவை விரட்டும் பிரிவு.

வேலை சுலபம்தான். விடிந்ததும் ஜீப்பை எடுத்துக்கொண்டு ஓடுபாதை நெடுக ஓட்ட வேண்டும். எங்கே பறவைகள் கூட்டமாக இறங்கியிருக்கின்றனவோ அங்கே போய் ஹாரன் அடித்து, ஒலிபெருக்கியில் வல்லூறின் சத்தத்தைப் போட்டு, அதற்கும் அசையாவிட்டால் வெடி வெடித்துக் கிளப்ப வேண்டும். புல் உயரமானால் வெட்டச் சொல்ல வேண்டும், தண்ணீர் தேங்கினால் வடிக்கச் சொல்ல வேண்டும். பிறகு, பாதை சுத்தம் என்று கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்கு ரேடியோவில் சொல்லிவிட்டு ஓரமாக ஒதுங்க வேண்டும். யாரோ ஒருவர் மேலே போவார். முதல் சில மாதங்கள் விமானம் ஏறும்போது அவள் வலது கை தானாக மடிமேல் அசைந்தது. பிறகு அதுவும் நின்றது. இப்போதெல்லாம் அவள் அண்ணாந்து பார்ப்பதில்லை, புல்லைத்தான் பார்க்கிறாள்.

நெட்டை போன வாரம் வந்திருந்தான். தலையில் கொஞ்சம் நரை. இன்னும் கூனித்தான் நடக்கிறான், இப்போது பழக்கத்தால். ஜீப்பில் பக்கத்தில் ஏற்றிக்கொண்டு ஒரு சுற்று போனாள்.

"மாசத்துக்கு எத்தன தடவ மேல போற?"

அவன் மூன்று விரல்களைக் காட்டினான். பிறகு அதில் ஒன்றை மடக்கினான்.

"இது மழைன்னு ரத்து பண்ணிட்டாங்க. எங்க பிரிவுல ஒரு பிளேனுக்கு அஞ்சாறு பேரு. யாரு போறதுன்னு முறை எழுதறதுதான் இப்ப என் வேலை. அடுத்த வருஷம் பிரிவையே மூடப் போறாங்கன்னு பேச்சு."

அவன் இப்படி ஒரு நாள் வந்து சொன்னால் உள்ளுக்குள் கொஞ்சமாவது சந்தோஷம் வரும் என்று அவள் ஒரு காலத்தில் நினைத்திருந்தாள். வரவில்லை. அந்த ஒரு இடமாவது யாருக்காவது உருப்படியாகப் பயன்பட்டிருக்கக் கூடாதா என்றுதான் இருந்தது.

"என்ன பண்ணப் போற?"

"பேங்க் பரீட்சைக்குப் படிக்கிறேன். படையில இருந்தவங்களுக்கு வயசுச் சலுகை உண்டு. கூட்டம் அள்ளுது. என் பாதி வயசு ஆளுங்க எல்லாம் எழுதறானுங்க."

அலுவலகத்தில் டீ குடித்தார்கள். பழைய கதைகள் கொஞ்சம் பேசினார்கள். பேருந்துக்கு நேரமாகிவிட்டது என்று அவன் கிளம்பினான்.

அவன் போன பிறகு அம்மா தொலைபேசியில் கூப்பிட்டாள். அப்பாவுக்குக் கால் வீக்கம் வடியவில்லை, மருந்து மாற்றியிருக்கிறார்கள். அக்கா மகளுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. எல்லாம் சொல்லி முடித்தபின் கேட்டாள்.

"இந்த வேலையாவது நிரந்தரம்தானே சின்னவளே?"

"நிரந்தரம்தாம்மா."

"அப்ப நிம்மதி" என்றாள் அம்மா. பின்னால் அப்பா ஏதோ கேட்பது காதில் விழுந்தது. "ஒண்ணுமில்லீங்க, வேலை நிரந்தரமாம்" என்று அம்மா அவரிடம் சொன்னாள். அவர் என்ன சொன்னார் என்று சின்னவளுக்குக் கேட்கவில்லை. ரேடியோவில் கோபுரத்திலிருந்து கூப்பிட்டார்கள், ஓடுபாதையின் தெற்கு முனையில் கொக்குகள் இறங்கியிருக்கின்றனவாம். அவள் தொலைபேசியை வைத்துவிட்டு ஜீப் சாவியை எடுத்தாள்.